பிறேக்கில் சீரக வாசம்

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. வாவியில் மீன் பிடித்து, வாவியைக் கடந்து பெண் எடுக்கிற எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர் உன்னிச்சைப் பக்கம் பிறந்தவர். குளத்தை அணைக்கட்டில் நின்று பார்த்ததோடு சரி, ஒரு நாளும் உள்ளே இறங்கியதில்லை. அப்படிப்பட்ட மனிசனுக்கு வாய்த்த உத்தியோகம், வாரத்தில் மூன்று நாள் வாவியைக் கடந்து படுவான்கரை மருந்துச்சாலைக்குப் போவது. அவர் அங்கே அப்போதிக்கரி, நோய் பார்த்து மருந்து கொடுக்கிறவர்.

அவர் கடக்கிற துறையில் அப்போது பாலம் இல்லை. இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை ஒன்றுதான் ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றிப் போகும். அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பேர். கார் என்றால் கரைச் சரிவில் மெல்ல இறங்கி, பலகையில் ஏறி, முன்னால் குறுக்கே கட்டிய சங்கிலிக்கு இப்பால் நின்றுவிட வேண்டும். சங்கிலிக்கு அப்பால் ஆழம்.

எங்களிடம் இருந்தது ஒரு சின்னக் கார். மலைநாட்டு வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்றது. சில்லுகளுக்குக் கம்பி ஆரைகள். நாலு சில்லிலும் ஒவ்வொரு இரும்பு டிரம். மிதியை அழுத்தினால் கம்பிகள் இழுபட்டு, டிரம்முக்குள் இருக்கும் கட்டைகள் விரிந்து உரசும், கார் நிற்கும். அந்தக் கட்டைகளில் ஒட்டியிருந்த பட்டி தேய்ந்துபோனது இரண்டாம் உலக யுத்த காலத்தில். புதுப்பட்டிக்கு எங்கே போவது? ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அரிசி மில்லின் பழைய பெல்ற்றை வெட்டி, ஆணி அடித்துப் பூட்டிக் கொடுத்தார். கார் சொன்ன இடத்தில் நின்றது. ஆனால் நிற்கும்போதெல்லாம் கத்தியது. அப்படி ஒரு கத்தல், தெருமுனையில் கேட்கும்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து, அப்போதிக்கரியார் ஆடு வளர்க்கிறாரோ, பின்னேரமானால் கத்துதே என்று கேட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி. அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மானம் போனது.

எங்கள் தாய்வீடு மாங்கேணியில், கடலுக்குப் பக்கத்தில். உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது. அதனால் சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்து முழுகியதும், மிஞ்சிய எண்ணெயை இரும்புக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பூட்டு, கதவுப் பிணைச்சல், தையல் மெஷின், கத்தரிக்கோல், கேற்றுக் கொண்டி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொட்டு. கலியாணம் முடித்து வந்த வீட்டிலும் அதை நான் விடவில்லை. சீரகம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். அதை நீளமூக்குக் குப்பியில் ஊற்றி, குசினி வாசல் தட்டில் வைத்திருப்பேன்.

சத்தம் போடுகிற இரும்புக்கு எண்ணெய் வேண்டும், அவ்வளவுதானே எனக்குத் தெரியும்? டிரம்மில் விரல் போகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. ஆரைக் கம்பிகளுக்கு இடையால் குப்பி மூக்கை விட்டு, நாலு சில்லுக்கும் வஞ்சகமில்லாமல் ஊற்றினேன். திங்கட்கிழமை கார் கத்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலிக்காரி கேட்கட்டும் என்று சும்மா இரண்டு தரம் செருமினேன். அடுத்த சனியும் ஊற்றினேன். அதற்கடுத்த சனியும்.

மிதி கொஞ்சம் இளகுது என்றார் அவர். பிறேக் கம்பியின் திருகை இறுக்கினார். மறு கிழமை இன்னும் இறுக்கினார். நானா வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நான்தான் பேசினேன். எண்ணெய் ஞாபகமே எனக்கு வரவில்லை. அது மூன்றாம் சனிக்குப் பிறகும் எனக்கு ஒரு நல்ல காரியமாகத்தான் பட்டது.

அந்தத் திங்கட்கிழமை நானும் காரில் இருந்தேன், அக்கரையில் மச்சாளைப் பார்க்க. சரிவில் இறங்கும்போது அவர் கால் மிதியில் முழுக்கப் பதிந்திருந்ததைக் கண்டேன். கார் நிற்கவில்லை. பலகை தடதடவென்றது. பாதைக்காரன் ஒருவன் கையிலிருந்த மரக்கட்டையைச் சில்லுக்கு முன்னால் எறிந்தான். கட்டை நசிந்தது, கார் சங்கிலியை முட்டி, சங்கிலி விறைத்து நிற்க, நின்றது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அக்கரை போய்ச் சேர்ந்த பிறகுதான், "பிறேக் பிடிக்கல்ல" என்றார். திரும்பி வரும்போது பாதைக்காரர் நாலு பேர் காரின் பின்னால் கயிறு கட்டிப் பிடித்து இறக்கினார்கள். இனி இப்படி ஏற்றமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை பத்து மணிப் பாதைக்கு அவர் போக வேண்டும். விடியவே நானாவுக்கு ஆள் அனுப்பினோம். நானா உள்ளே வரும்போதே நான் தொடங்கிவிட்டேன். நீங்கள் பூட்டின பட்டியால் நான் தாலி அறுத்திருப்பேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே படுத்தார். கம்பி அறுந்திருக்கவில்லை, துருப்பிடிக்கவும் இல்லை. பின் சில்லை ஜக்கில் தூக்கி, கணவரை மிதியை அழுத்தச் சொன்னார். அழுத்தியபடியே இருக்க, நானா ஒரு கையால் சில்லைச் சுற்றினார். அது சுற்றியது.

"உள்ளுக்குத்தான் கோளாறு" என்று டிரம்மைக் கழற்றினார். பட்டி மினுமினுத்தது. விரலால் தொட்டு, இரண்டு விரலையும் உரசிப் பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கிக் குசினி வாசலைப் பார்த்தார். தட்டில் என் குப்பி இருந்தது.

காற்று என் பக்கம் வீசியது. எனக்கும் அந்தச் சீரக வாசம் வந்தது.

நானா விரலைச் சீலைத்துண்டில் துடைத்தார். "பின் அச்சுல இருந்து ஒயில் வந்திரிக்கு, ஐயா. நான் போட்ட கம்பளி வளையம் சரியில்ல. என்ட பிழைதான்" என்றார்.

ஐயோ, நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் திட்டிய வாய்க்கு இரண்டு சொல் வரவில்லை. நானா பின்சில்லு இரண்டின் பட்டியையும் பெற்றோலில் கழுவி, தணலில் காட்டி எண்ணெயைக் கக்க வைத்து, மணல்தாளால் தேய்த்துப் பூட்டினார். முன்சில்லையும் கழற்றிப் பார்ப்போமா என்று கேட்டார். அங்கேதான் என் கணவர் வெடித்தார். ஒருவரையும் கடிந்து பேசியறியாத மனிசன்.

"முன் சில்லுக்குள்ள அச்சு ஒயில் ஏது? பின்னுக்குச் செய்யத் தெரியாதவர் முன்னுக்கும் கை வைக்கப் போறீங்களா? உங்கள நம்பித்தானே இவளையும் ஏத்திக்கொண்டு போனன். போங்க. இனி இந்தக் கேற்றுக்குள்ள வராதீங்க."

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. முன்சில்லில் அச்சு எண்ணெய் கிடையாதுதான். அங்கே இருந்தது என் எண்ணெய். அது ஒருவருக்கும் தெரியாமல் அங்கேயே இருக்கும், பத்து மணிக்கு அந்தச் சரிவில் இறங்கும். என்னைக் காப்பாற்ற நானா சொன்ன பொய் என் கணவரை வாவிக்குள் தள்ளப் போகிறது.

நானா சாமான் பையை எடுத்தார். முன்சில்லை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார், கேற்றை நோக்கி நடந்தார். கணவர் தொப்பியை வைத்துக்கொண்டு காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கார் கேற்றடிக்குப் போய் நின்றது. நானா கொண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இழுத்தார், தட்டினார், குனிந்து பார்த்தார். திறக்கவில்லை. கணவர் ஹோர்ன் அடித்தார். நானா, இறுகிப்போச்சு ஐயா என்றார்.

அந்தக் கொண்டிக்குச் சனிக்கிழமைதான் எண்ணெய் வைத்திருந்தேன். சுண்டுவிரலால் தள்ளினால் திறக்கும்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது. காரின் முன்னால் போய் நின்று, "நான்தான் ஊத்தினன்" என்றேன். "நாலு சில்லுக்கும். முன்னுக்கும் ஊத்தினன். சத்தம் போடாம இரிக்கட்டும் எண்டு."

எஞ்சின் நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு இறங்கி, கேற்றடிக்குப் போய், நானாவின் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்க, நானா" என்றார்.

முன் டிரம்மைக் கழற்றியபோது எண்ணெய் நிலத்தில் சொட்டியது. நான் தணல் கொண்டுவந்தேன், சீலை கொண்டுவந்தேன். கணவர் அப்பால் போன நேரம் பார்த்து, நான் சொல்லாமல் விட்டிருந்தால் என்று மெல்லக் கேட்டேன். நானா பட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கேற் திறபட்டிராது, தங்கச்சி."

பத்து மணிப் பாதை போய்விட்டது. அடுத்த பாதைக்கு நானும் காரில் ஏறிக்கொண்டேன். வரவேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை. சரிவின் தலையில் கார் ஒருகணம் நின்று, மூக்கைத் தாழ்த்தி இறங்கியது. பாதைக்காரர் கட்டைகளோடு இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். அவர் மிதியை அழுத்தினார். கார் வாவிக்கரை முழுக்கக் கேட்கும்படி, அறுக்கப்போகிற ஆடு மாதிரிக் கத்திக்கொண்டு, சங்கிலிக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது. பாதைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.