சந்தேகம் வந்த உபதேசியார்

சபை ஊழியர் வேலையில் காய்ச்சலுக்கு லீவு உண்டு, சந்தேகத்துக்குக் கிடையாது. வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், துக்க வீட்டில் முதல் ஆளாக நிற்பதும் என் வேலை. இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில் இன்னும் உபதேசியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவருக்குத் தைரியம் சொல்லியே பிழைக்கும் என் இனத்தவரே, நம் பாடு நமக்குத்தானே தெரியும்!

மழையும் ஆமெனும்

முதலில் நான் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு சபையில் இருந்தேன். ஒருநாள் காலையில் வானம் இருண்டு கிடந்தது. ரப்பர் வெட்டுகிற ஒருவர், மழை வந்தால் பால் எடுக்க முடியாது, வராமலிருக்க ஜெபியுங்கள் என்றார். ஜெபித்தேன். அடுத்த வீட்டுக்காரர் வாழை போட்டிருந்தார். அவருக்கு மழை வேண்டும். அதற்கும் அதே உருக்கத்தோடு ஜெபித்தேன். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. “ரெண்டு எடத்துலயும் ஆமென் சொன்னது நீங்கதான? அப்ப பெஞ்சாலும் பெய்யாட்டாலும் ஒரு வீட்டுக்கு நீங்கதான் போயி பதில் சொல்லணும்.”

ராஜினாமா

அதைப் பலரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இங்கே மாறி வந்தபின் என் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதானது, சிரிப்பும் போனது. சபை முழுவதும் உபவாசமிருந்து ஜெபித்தது. தம்பி இறந்துவிட்டான். அதன்பிறகு யார் வீட்டில் கண்ணை மூடினாலும், இதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் வந்தது. அப்படியிருக்க வாய் நிறைய ஜெபம் சொல்ல எனக்குக் கூசியது.

போதகரிடம் போய், விசுவாசம் உறுதியாக இல்லை, வேலையை விடுகிறேன் என்றேன். வேதாகமத்தைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் வரும் ஓய். நாம ரெண்டுபேரும் ஒரே வாரத்துல சந்தேகப்படாம பாத்துக்கிட்டா போதும்.”

கைப்பிடி அரிசி

எங்கள் பக்கத்துப் பெண்கள் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசியில் அதைச் சேர்த்து இல்லாத வீடுகளுக்குக் கொடுப்போம். கல்ஃபில் மகனைப் பறிகொடுத்த ஸ்டெல்லா அக்கா, அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஆலயத்துக்கே வரவில்லை. அரிசி சேர்க்கப் போன நான் அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு டப்பாவை நீட்டினார். நிறைந்திருந்தது. “நான் ஆண்டவருட்ட பேசுகதில்ல, உபதேசியாரே. அதுக்காக சபைல உள்ளவிய பட்டினி கெடக்கணுமா?”

ஈஸ்டர் விடியல்

அந்த அரிசியோடு நடந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடவுளோடு பிணங்கியும் அவர் வேலையை விடாத மனுஷி எங்கள் சபையில் இருக்கிறார்! ராஜினாமா பேச்சை அன்றோடு விட்டேன்.

ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் கூடுவது எங்கள் வழக்கம். அவரவர் ஆட்களின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி நிற்பார்கள். ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்று ஒருவர் முதலில் சொல்ல, ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று சபை பதில் சொல்லும். அந்த வருஷம் போதகர் முதலில் சொல்வதை என்னிடம் விட்டார். தம்பியின் கல்லறை அருகே நின்று வாயைத் திறந்தேன். ‘கிறிஸ்து’ என்பதோடு நின்றுவிட்டேன். ஆனாலும் எல்லாப் பக்கமிருந்தும் பதில் வந்தது. அழுதுகொண்டும் இருமிக்கொண்டும் பிள்ளையை அதட்டிக்கொண்டும் சொன்னார்கள். என் கேள்வி அங்கேயேதான் இருந்தது. இருந்தும், தம்பி போனபின் முதல்முறையாக மனசு அமைதியானது. நான் சொன்னது கேட்டதா என்று தம்பி மனைவியிடம் கேட்டேன். “இல்ல அத்தான். எல்லாரும் பதில் சொன்னாவல்லா, அப்ப நீங்க சொல்லியிருப்பியன்னு நெனச்சேன்.”

சந்தேகம் தீர்ந்தது என்று சாட்சி சொல்ல இன்றும் என்னால் முடியாது, ஆனால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட விடாத சபை எங்களுடையது என்று எந்த மேடையிலும் ஏறிச் சாட்சி சொல்வேன்.