கேட்ச்சரின் தோளுக்கு அந்தப் பக்கம்

நடுவர் எங்கே நிற்கிறார் என்று மினசோட்டாவின் எந்த ஊர் மைதானத்திலும் யாரும் பார்ப்பதில்லை. ஞாயிறு மதியம் ஊரே பேஸ்பால் பார்க்க வந்துவிடும். வந்து பந்தைப் பார்க்கும், மட்டையைப் பார்க்கும், யார் மகன் யார் மகளோடு உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கும். நடுவரைத் திட்டுவதற்கு அவரைப் பார்க்க வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும். வெர்ஜில் லிண்டால் அப்படித் திட்டு வாங்கியே தலை நரைத்தவர். வாரநாட்களில் மாட்டுத்தீவன லாரி ஓட்டுவார். பண்ணைக்காரன் எங்கே கொட்டச் சொல்கிறானோ அங்கே கொட்டிவிட்டு வருவார். ஞாயிறு மட்டும் அவர் சொல்வதை எல்லோரும் கேட்டாக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

தட்டுக்குப் பின்னால் நிற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தரையில் பதித்த வெள்ளைத் தட்டு. அதன் ஓரமாக மட்டையோடு ஒருவன். பின்னால் கையுறையோடு குந்தி, வரும் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர். இந்த இருவருக்கும் நடுவில் ஒரு ஆளின் தலை நுழையும் அளவுக்குச் சந்து ஒன்று இருக்கும். நடுவரின் தலை அந்தச் சந்தில் இருக்க வேண்டும். மூக்கு தட்டின் உள்விளிம்புக்கு நேராக, தாடை கேட்ச்சரின் தலைக்கவச உச்சிக்குச் சமமாக. எதிரே நின்று பந்து எறிபவன் கையிலிருந்து அது கிளம்புவதற்குள் அந்த நிலையில் உறைந்துவிட வேண்டும். பிறகு கண் மட்டும்தான் பந்தோடு போகலாம். தலையும் கூடவே போனால் பந்து வளைந்ததா நாம் வளைந்தோமா என்றே தெரியாது. முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தட்டின் மேலாகப் போனால் அது ஸ்ட்ரைக், தப்பினால் வெளிப்பந்து. இதைச் சொல்கிறவன் அதைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தை விட்டு ஒரு சாண் விலகி, கொஞ்சம் தாழ்ந்தும் உட்கார்ந்துவிட்டால் போச்சு, தூரத்து ஓரத்தில் தாழ்வாக வரும் பந்து கேட்ச்சரின் தோளுக்கு அந்தப் பக்கம் காணாமல் போய்விடும்.

வெர்ஜிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலது கை விரல்களைக் கேட்ச்சரின் முதுகில் பட்டும் படாமலும் வைத்திருப்பார். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கை சொல்லிவிடும்.

போன வருஷம் ஜூலையில் மட்டையில் உரசிய பந்து ஒன்று நேரே அவர் முகமூடியில் வந்து மோதியது. மண்ணில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் எழவில்லை. மருத்துவர் என்ன கிழமை என்று கேட்டார். ஞாயிறு என்று டக்கென்று சொன்னார். வேறு கிழமையாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார், பாவம். ஓய்வெடுத்தார், தலைவலி போனது, திரும்பி வந்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

இந்த வருஷம் ஜூனில் ஒரு நாள், இடைவேளையில் தட்டைத் துடைக்கக் குனிந்தபோது மண்ணில் தன் காலணித் தடத்தைக் கண்டார். சந்தில் இருக்க வேண்டிய தடம், கேட்ச்சரின் குதிகால் பள்ளத்துக்கு நேர் பின்னால் இருந்தது. யாரோ தன் காலணியை மாட்டிக்கொண்டு வேறு இடத்தில் நின்றதுபோல் இருந்தது அவருக்கு. அடுத்த முறை காலால் ஒரு கோடு கிழித்து, கோட்டின் மேலேயே நின்றார். எறிபவன் கை கீழே வந்தபோது கோட்டில்தான் இருந்தார். பந்து வந்து சேர்ந்தபோது இல்லை. நடுவில் கால் எப்போது நகர்ந்தது, கண் எப்போது மூடியது என்று அவருக்கே தெரியவில்லை. உடம்பு அவரைக் கேட்காமலே கேட்ச்சரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

வீட்டில் கார் ஷெட்டுக்குள் நாற்காலியைக் கேட்ச்சராக வைத்து நின்று பழகினார். மனைவி லவான் துணிக்கூடையோடு வந்து பார்த்தாள்.

"நாற்காலிக்குப் பின்னாடி ஜம்முன்னுதான் நிக்கிற."

"நாற்காலிய நோக்கி யாரும் பந்து எறியறதில்லையே."

"அப்போ விட்டுத் தொலையேன். யாரு உன்னை வெத்தல பாக்கு வெச்சா கூப்பிட்டாங்க?"

"விட்டுட்டு? ஞாயித்துக்கெழமை உன்கூட உட்கார்ந்து துணி மடிக்கவா?"

"மடிச்சா ஒண்ணும் கை தேஞ்சிடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து வெர்ஜில் பந்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை விட்டார். கேட்ச்சரின் கையுறை எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்துச் சொன்னார். கெட்டிக்காரக் கேட்ச்சர்கள் தள்ளிப் போன பந்தையும் பிடித்த கையோடு நைசாக உள்ளே இழுத்து வைப்பார்கள். முன்பெல்லாம் அந்த வித்தை அவரிடம் பலிக்காது. இப்போது பலித்தது. அவருக்கு அவமானமாக இருந்தது, இருந்தும் அடுத்த ஞாயிறும் போனார்.

ஆகஸ்ட் கடைசியில் கெட்லர் ஊர் மைதானத்தில் அந்த ஆட்டம். ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள், தோற்றவர்கள் அடுத்த கோடை வரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். வெளியூர் அணியான ரோலன்பர்க்கின் கேட்ச்சர் கர்ட் பேக்மன். பால்பண்ணைக்காரன், அவன் மாடுகளுக்குத் தீவனம் கொண்டுவந்து இறக்குவது வெர்ஜில்தான். முதல் சில சுற்றுகளில் அவன் இழுத்துக் காட்டியதெல்லாம் ஸ்ட்ரைக் ஆனது. கெட்லர் ரசிகர்கள் கொதித்தார்கள்.

"யோவ் அம்பயர்! ஒரு கண்ணு திறந்திருக்கு, இன்னொன்னையும் திறய்யா!"

"அவருக்கு ஒரு நாய் வாங்கிக் குடுங்கப்பா, வழிகாட்டும்!"

கர்ட்டுக்கு முதலில் குஷியாக இருந்தது. பிறகு முதுகில் பட்டிருந்த விரல்கள் ஒவ்வொரு பந்துக்கும் உதறுவது தெரிந்தது. திரும்பாமலே மெல்லக் கேட்டான்.

"வெர்ஜில், கை நடுங்குதே?"

"காபி ஜாஸ்தியாயிடுச்சு."

"நீங்க பந்தைப் பார்க்குறீங்களா?"

கேட்ச்சருக்கு அடிபட்டால் நடுவர் சுத்தமான தட்டையே மறுபடி துடைத்து அவன் மூச்சு வாங்க நேரம் கொடுப்பார். நடுவருக்கு அடிபட்டால் கேட்ச்சர் எறிபவனிடம் போய் ஒன்றுமில்லாததைப் பேசி நேரம் கடத்துவான். விதியில் இல்லாத மரியாதை அது. அன்று யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் கர்ட் எழுந்து எறிபவனிடம் நடந்தான். அவன் அணிக்காரர்களே "இவன் எதுக்குடா இப்போ போறான்?" என்று முழித்தார்கள். வெர்ஜிலுக்குப் புரிந்தது. முகமூடிக்குள் அவர் கண் கலங்கியது.

கடைசிச் சுற்று. ஆட்டம் சமநிலை. கெட்லர் ஆட்கள் மூன்று முனைகளிலும் நின்றார்கள். இன்னொரு வெளிப்பந்து விழுந்தால் மட்டையாளன் சும்மா நடந்தே முதல் முனைக்குப் போவான், மூன்றாம் முனைக்காரன் தட்டுக்கு வந்து ஒரு ஓட்டம் சேர்ப்பான், கெட்லர் ஜெயித்துவிடும், ஆட்டம் முடிந்தது. ஸ்ட்ரைக் என்றால் மட்டையாளன் அவுட், ஆட்டம் நீளும். வெர்ஜில் கோடு கிழித்து நின்றார். இந்த ஒரு பந்தை மட்டுமாவது பார்த்துவிடு என்று தன் கண்ணையே கெஞ்சினார். எறிபவன் கை கீழே வந்தது.

கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே கர்ட்டின் தோள் மட்டும் இருந்தது. எப்போதும் பந்தை இழுத்து வைத்து ஆடாமல் காட்டுகிறவன், இப்போது கையுறையைத் தரைக்கு இறக்கியிருந்தான். பார்த்துச் சொல்ல அதுவும் இல்லை. மட்டையாளன் அசையாமல் நின்றான். மைதானமே அவர் வாயைப் பார்த்தது. பல வருஷங்களில் அன்றுதான் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை.

"வெளிய போச்சு" என்றான் கர்ட். அவருக்கு மட்டும் கேட்கிற குரல். "நெசமாத்தான் சொல்றேன். வெளிய."

தன் அணி தோற்கும் என்று தெரிந்தே சொன்னான்.

"வெளிப்பந்து" என்றார் வெர்ஜில்.

கெட்லர் கூட்டம் வேலியைத் தாண்டி ஓடி வந்தது. நாய் வாங்கிக் கொடுக்கச் சொன்னவன் அவர் முதுகில் தட்டினான். "மயிரிழையில வெளிய போன பந்து! அதைப் பார்த்தாரு பாரு மனுசன்! கண்ணா அது, கழுகுக் கண்ணு!"

ரோலன்பர்க் பக்கத்தில் கர்ட்டின் தலை உருண்டுகொண்டிருந்தது. "கையைத் தொங்கப்போட்டு அவருக்கு நீயே காட்டிக் குடுத்துட்டியேடா" என்று கத்தினார்கள். அவன் முழங்கால் கவசத்தைக் கழற்றுவதிலேயே மும்முரமாக இருந்தான்.

நடுவர்களுக்கு ஆட்டம் ஒதுக்கும் ஹார்லன் டீட்ஸ், காருக்குப் போய்விட்ட வெர்ஜிலைத் தேடி வந்தார். வெர்ஜிலின் வயதுக்காரர், பழைய சிநேகிதர்.

"அடுத்த ஞாயிறு மாநிலப் போட்டி. தட்டுக்குப் பின்னால நீதான். மறுபேச்சு இல்ல."

"ஹார்லன், என்னால முடியாது. எனக்குப் பந்து தெரியல. கடைசிப் பந்தை நான் பார்க்கவே இல்ல. கண்ணு மூடிக்குது."

ஹார்லன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டே இந்தப் போடு போடுறன்னா, திறந்தா என்ன ஆகும்!"

"விளையாடல. அடிபட்டதிலேர்ந்தே இப்படித்தான்."

"நீ ஒண்ணும் விளையாட வேணாம், நிக்க வா. வேற யாரு இருக்கா சொல்லு? புதுசா வர்றவனெல்லாம் ரெண்டு திட்டு வாங்குனதும் ஓடிடுறான்."

அப்போது கர்ட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். அவன் பின்னாலேயே அணிக்காரர்கள் இரண்டு பேர், காது கேட்கிற தூரத்தில்.

"கர்ட், நீ சொல்லுப்பா. அங்க என்ன நடந்துச்சுன்னு இவன்கிட்ட சொல்லு" என்றார் வெர்ஜில்.

கர்ட் நின்றான். வாயைத் திறந்தால், கையில் இருந்த ஆட்டத்தை அவனே தூக்கிக் கொடுத்தான் என்று ரோலன்பர்க் முழுக்கத் தெரிந்துவிடும். அவன் அந்த ஊரில்தான் பால் ஊற்றியாக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். அவனைச் சொல்லச் சொன்ன பிறகுதான் வெர்ஜிலுக்கும் அது உறைத்தது.

"பந்து வெளியதான் போச்சு" என்றான் கர்ட் சத்தமாக. "அம்பயர் சொன்னது சரி."

"பார்த்தியா, தோத்தவனே சொல்றான்!" என்று ஹார்லன் கைகொட்டினார்.

அணிக்காரர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, கர்ட் வெர்ஜிலின் காதருகே குனிந்தான்.

"அடுத்த ஞாயிறு உங்க முன்னால வேற எவனோ உட்கார்ந்திருப்பான், வெர்ஜில். அவன் சொல்ல மாட்டான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெர்ஜில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி யாரிடம் சொன்னாலும் அடக்கம் என்பார்கள். ஊரறிந்த கழுகுக் கண்ணுக்கு எதிராக அவர் கண்ணே சாட்சி சொன்னாலும் எடுபடாது.

"என்னய்யா, வர்றதானே?" என்றார் ஹார்லன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் வெர்ஜில்.