ஊகத்தின் மேல் ஒட்டிய தாள்

வெர்னா லிண்ட்குவிஸ்ட் நடுவராக வருகிறார் என்றால் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் பெற்றோருக்குத்தான் பயம், பிள்ளைகளுக்கு அல்ல. மற்ற நாளெல்லாம் அந்த அம்மாளுக்கு ஊர்க் குடிநீரைச் சோதிக்கிற வேலை. அறிவியல் கண்காட்சிச் சனிக்கிழமை மட்டும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் போஸ்டர் போஸ்டராக மண்டியிட்டு அடிவரி வரை படிப்பார். பளபளக்கும் தலைப்புக்கு மயங்குகிற ஆளே இல்லை. "நீ நினைச்சதுல எது தப்பாப் போச்சு?" இதுதான் முதல் கேள்வி. அப்படிக் கேட்க எத்தனை நடுவருக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

அந்த மார்ச்சில் ஏழாம் வகுப்பு சிக்னேயின் போஸ்டருக்கு வந்தார். கடுங்குளிரில் சாலைப் பனிக்கட்டியை எது உருக்கும், வெறும் உப்பா, பீட்ரூட் சாறு கலந்த உப்பா என்று வீட்டு வாசலிலேயே சோதித்திருந்தாள் அந்தப் பெண். அசல் உழைப்பு. மாநிலப் போட்டிக்கான ஒரே இடம் இவளுக்குத்தான் என்று கூட வந்த நடுவர் கர்ட்டிஸும் சொல்லிவிட்டார். ஆனால் சோதனைக்கு முன்பே எழுத வேண்டிய 'என் ஊகம்' என்ற கட்டத்தில், பீட்ரூட் கலந்த உப்பே ஜெயிக்கும் என்று எழுதிய ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"அடியில என்ன இருக்கு கண்ணு?"

சிக்னேக்குக் கண் கலங்கிவிட்டது. "வெறும் உப்புதான் ஜெயிக்கும்னு எழுதியிருந்தேன். தப்பாயிடுச்சு. மாத்தி ஒட்டிடு, இல்லேன்னா மார்க் போயிடும்னு அப்பா சொன்னார்."

"முடிவு தெரிஞ்சப்புறம் ஊகத்தை மாத்தினா போட்டியிலேயே கிடையாது. அதான் விதி," என்று கர்ட்டிஸ் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் பொறு, கர்ட்டிஸ்," என்ற வெர்னா சிக்னே பக்கம் திரும்பினார். "உரிச்சிடு. ஊரே பாக்கட்டும். முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருந்தா குளிர்ல எதுக்கு வாசல்ல நிக்கணும்?"

சிக்னே பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள். போஸ்டரே கொஞ்சம் கிழிந்தது.

"நீ பாட்டுக்கு விதியை வளைக்கிறே, மகராசி," என்றார் கர்ட்டிஸ். "இவளுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்!"

பக்கத்து மேசையில் சர்ரென்று சத்தம். ஒரு பையன் தன் ஊகத்தின் மேலிருந்த தாளை உரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் எதிர் வரிசையில் ஒருத்தி. அப்புறம் கூடம் முழுக்க அதே சத்தம்தான். கடைசி மேசையில், சொந்தம் என்பதால் கர்ட்டிஸ் மதிப்பெண் போடக்கூடாத அவருடைய பேத்தியும் தன் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"யாரையெல்லாம் நீக்கணும்? அங்கேருந்தே ஆரம்பி," என்று அந்தக் கடைசி மேசையைக் காட்டினார் வெர்னா.

கர்ட்டிஸ் பேத்தியைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

சிக்னே கிழிந்த போஸ்டரோடு மாநிலப் போட்டிக்குப் போனாள்.