வயலின் பெட்டிக்குள் இருந்த பரீட்சை

என் மகள் இரண்டு வருசம் வயலின் படித்தாள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஐந்து மணிக்குத் தோளில் கறுப்புப் பெட்டியோடு படியிறங்குவாள். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தால் நான் வேண்டுமென்றே உரத்துச் சொல்வேன்: "போன கிழமை படிச்ச வர்ணத்தை மறந்திடாதை!"

அந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் வயலின் இருந்ததில்லை. பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் வெறும் பெட்டியாகத்தான் அதை வாங்கினேன். உள்ளே இருந்தவை கணக்கும் ஆங்கிலமும் போட்டுப் பழகும் பயிற்சிப் புத்தகங்கள். மகள் போய்வந்தது டியூஷனுக்கு.

லண்டனின் தெற்கே, நாங்கள் இருக்கும் சட்டனில் சில அரசாங்கப் பள்ளிகள் உண்டு. கட்டணம் கிடையாது, ஆனால் பத்து வயதில் ஒரு பரீட்சை எழுதி எடுபட வேண்டும். கிராமர் ஸ்கூல் என்பார்கள். அந்தப் பள்ளிகளுக்காகவே நாங்கள் ஹவுன்ஸ்லோவை விட்டு இங்கே வந்தோம். என் கணவருக்கு வேலை ஹீத்ரோ விமான நிலையத்தில். முன்பு பத்து நிமிடத்தில் வேலைக்குப் போனவர், இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறார். சொந்தக்காரர் கேட்டால், "அங்க பிளேன் புகை, பிள்ளைக்கு இருமல்" என்று சொல்லிவைத்தோம். பிள்ளை தன் வாழ்நாளில் மொத்தமாக நாலு தரம் இருமியிருப்பாள்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது என்பதை எடுபடும்வரை வெளியில் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் நாவூறு படும், கண் பட்டுவிடும் என்போம். உண்மையில் நாவூறு எல்லாம் ஒரு சாட்டு. போட்டிக்கு ஒரு ஆள் குறைந்தால் எங்கள் பிள்ளைக்கு ஒரு இடம் கூட, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு வருசம் நீச்சல் வகுப்பு என்று சொல்லித் திரிந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நீச்சலுக்குக் கூட்டிப்போனபோது, அந்தப் பிள்ளை தண்ணீரில் கால் வைக்கப் பயந்து கத்தி ஊரைக் கூட்டியது. டியூஷன் வாசலில் தாய்மார் சந்தித்துக்கொள்ளும்போது, "சும்மா ஒருக்கா பாப்பம் எண்டு வந்தனாங்கள்" என்பார்கள். இரண்டு வருசமாக, ஒவ்வொரு கிழமையும், சும்மா ஒருக்கா.

நான் முக்கியமாக மறைத்தது கீழ்வீட்டுக்காரியிடம்.

அவர்கள் பாரிஸிலிருந்து வந்தவர்கள். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒரே மகள், என் மகளின் வகுப்பு. அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசும்போது பிரெஞ்சு எட்டிப் பார்க்கும், ஆனால் கணக்கென்றால் நெருப்பு. ஒருநாள் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், என் மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த கணக்கைத் தலைகீழாகப் பார்த்தே விடை சொல்லிவிட்டாள். நான் உடனே புத்தகத்தை மூடினேன். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துக் கீழே அனுப்பிவைத்தேன்.

அந்தத் தாய்க்கு இந்த நாட்டு முறை தெரியாது. ஒருமுறை படியில் வைத்துக் கேட்டாள்: "அக்கா, இவையளுக்கு அடுத்த வருசம் பெரிய பள்ளிக்கூடம் எல்லோ? நாங்கள் ஏதும் செய்ய வேணுமோ?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. கவுன்சில் கடிதம் போடும்."

"பாரிஸிலயும் அப்பிடித்தான்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அவள் குப்பை போடப் போனாள்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கவுன்சில் கடிதம் போடத்தான் செய்யும். ஆனால் அந்தப் பரீட்சைக்குத் தாய் தகப்பன்தான் பதிய வேண்டும், அதுவும் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள். அந்த நாள் தவறினால் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் வாசலோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவளுடைய புருசனுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் மூன்று நாள் காலையில் ஒரு வான் வண்டி வந்து ஏற்றிப்போகும். "கொம்பனி வான் அக்கா, இவருக்கு இப்ப ஒபிஸ் வேலை" என்பாள். வானின் பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் எழுத வாசிக்கத் தெரியும், ஆனால் அந்த வானை மட்டும் ஒருவரும் வாசிக்கவில்லை. அவள் என் வயலினை நம்பினாள், நான் அவளுடைய கொம்பனியை நம்பினேன். இப்படியே சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜூலை முடிவில் கோயில் திருவிழா நெருங்கியது. அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்து ஒரு சந்தோசச் செய்தி சொன்னாள். திருவிழாவின் சிறுவர் நிகழ்ச்சிக்கு என் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டாளாம். வயலின் தனி, பத்து நிமிடம்.

"ஐயோ, அவள் இன்னும் பழகேல்லை" என்றேன்.

"இரண்டு வருசம் படிச்ச பிள்ளையக்கா. எங்கட பிள்ளையள் மேடை ஏறாட்டி வேற ஆர் ஏறுறது?"

"தந்தி அறுந்துபோச்சு."

இந்த இடத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துவிட்டதாக நினைத்தேன். அன்று பின்னேரமே என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் நாள் அவள் டூட்டிங்கில் ஒரு இசைக்கருவிக் கடைவரை போய் ஒரு செட் தந்தி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கடைக்காரரே கட்டித் தருவாராம். பெட்டியைக் கொடுத்தால் போதுமாம், கையோடு கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு வந்துவிடுவாளாம். பெட்டி கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் கை நீட்டுமுன் அவள் தூக்கிவிட்டாள்.

"வயலின் இவ்வளவு பாரமோ?"

கொளுவி அரைகுறையாகப் பூட்டியிருந்தது போல. பெட்டி வாயைத் திறந்து, ஐந்து புத்தகங்களும் ஒரு ஸ்டொப் வாட்சும் அவளுடைய காலடியில் விழுந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். 

"அக்கா, இது என்ன ராகம்?" என்று கேட்டாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் விழுந்த புத்தகங்களைப் பொறுக்கி அடுக்கினாள். அவளுடைய கையில் இருந்த தந்திப் பொட்டலத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருக்கச் சொன்னேன். பரீட்சை, டியூஷன், பதிவு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப கடைசி நாள்?"

"நாளைக்கு."

"நாளைக்கு முடிஞ்ச பிறகு எனக்குச் சொல்லியிருப்பீங்களோ?"

"இல்லை" என்றேன். அவ்வளவு தூரம் பிடிபட்ட பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தென்பில்லை.

அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "அப்ப இப்பவே பதிஞ்சு தாங்கோ" என்றாள். என்னுடைய ஃபோனிலேயே படிவத்தைத் திறந்தோம். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு கேள்வி வந்தது: குடும்ப வருமானம் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் இலவசச் சாப்பாட்டுக்குப் பதிந்த பிள்ளையா?

லண்டனில் இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமே மத்தியானச் சாப்பாடு இலவசம். அதனால் அரசாங்கத்தின் பெனிபிட் பணம் எடுக்கிற வீட்டுப் பிள்ளை எது, எடுக்காத வீட்டுப் பிள்ளை எது என்று வெளியாருக்குத் தெரியாது. பள்ளியின் பதிவில் மட்டும்தான் இருக்கும். என் விரல் அந்தச் சின்னச் சதுரத்துக்கு மேலே நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்லை எண்டு போடுங்கோ."

"உண்மையாவே இல்லையோ?"

"அக்கா, பிள்ளையின்ர அப்பா பாரிஸில பத்துப் பேருக்கு வேலை குடுத்த மனுசன். இலவசச் சாப்பாட்டுப் பிள்ளை எண்டு எழுதிக் குடுத்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிறதோ? வேண்டாம். அவள் எடுபட்டால் மார்க்ஸில எடுபடட்டும்."

அவளுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். அந்தச் சதுரத்தில் டிக் போட்ட பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கிவைத்திருந்தார்கள். எடுபடத் தேவையான வெட்டுப்புள்ளி அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. டியூஷனுக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் உள்ளே வரட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. இவளுடைய பிள்ளை ஒருநாள்கூட டியூஷன் போனதில்லை, பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமைதான். டிக் இல்லாவிட்டால் எடுபடுவது கஷ்டம். நான் "சரி, உம்மட விருப்பம்" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். அவளே சொன்னதுதானே, என்னை ஒருவரும் குறை சொல்லமுடியாது. என் மகளுக்கு ஒரு ஆள் குறைவு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

வந்தது வேறு. "நான் ஊரில யூனிவர்சிட்டிக்கு எப்பிடிப் போனனான் எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்தில படிச்சுப் போனனீங்கள். நீங்கள்தானே கோயிலில எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்."

"யாழ்ப்பாண வெட்டுப்புள்ளிக்கு நான் ஏணி வைச்சாலும் எட்டாது. அப்பா என்னை முன்னமே வவுனியாவில மாமி வீட்டில கொண்டுபோய் விட்டவர். அங்க வெட்டுப்புள்ளி குறைவு. அந்த மாவட்டக் கோட்டாவிலதான் உள்ளுக்கை போனனான். உம்மட பிள்ளைக்கு இது சட்டப்படி வாற இடம். நான் போனது மாமியின்ர விலாசத்தில."

அவள் கண்ணை விரித்தாள். "வீட்டில அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீர் வாயைத் திறந்தால் இந்த டிக்கைப் போடமாட்டன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் டிக் போட்டேன். பிறகு அவள் கொஞ்ச நேரம் அழுதாள். வானைப் பற்றிய உண்மையையும் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

ஆறு கிழமையும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் குசினி மேசையில் ஒரே புத்தகங்களோடு இருந்தார்கள். திருவிழாவில் என் மகள் ஒரு தேவாரம் பாடி இறங்கினாள். வயலின் எங்கே என்று கேட்டவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரியே பதில் சொன்னாள்: "பிள்ளைக்குக் கையில சுளுக்கு." எனக்கு அவள்மேல் பாசம் வந்தது அந்தப் பதிலுக்குப் பிறகுதான்.

அடுத்த மார்ச்சில் முடிவு வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் ஆசைப்பட்ட அதே பள்ளியில் இடம். என் மகளுக்கு இல்லை. அவளுக்குப் பக்கத்துச் சாதாரணப் பள்ளி. பிள்ளைகள் தங்களுக்குள் மார்க்ஸ் பார்த்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஏழு மார்க்ஸ் கூட.

ஏழு மார்க்ஸ்! அன்றைக்கு நான் குசினிக்குள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது. "இது என்ன நியாயம்? கூட எடுத்த பிள்ளை வெளியில, குறைய எடுத்த பிள்ளை உள்ள!" எனக்கு அழுகை வந்தது. நியாயம் அநியாயம் எல்லாம் பிறகு. என் பிள்ளை இரண்டு வருசம் விளையாடாமல் இருந்து படித்தாள், அந்தக் கோபம்தான் எனக்கு. என் மகள் அன்று முழுக்க அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள்.

என் கணவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு தொடங்கினார். "எங்களுக்கு இது புதுசே? ஊரிலயும் இதைத்தானே செய்தவங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்முழிச்சுப் படிச்சு வெளியில நிக்க, வவுனியாக்காரர் அரைவாசி படிச்சுப்போட்டு உள்ளுக்கை. என்ர மார்க்ஸுக்கு வேற மாவட்டம் எண்டால் நான் டொக்டர். கோட்டாவில போனதுகளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருக்குமோ?"

நான் மூக்கைச் சீறிக்கொண்டு தேநீர் ஊற்றினேன். அவர் அரை மணித்தியாலம் பேசினார். அந்த அரை மணித்தியாலமும் நான் வாயே திறக்கவில்லை. எனக்கு இவ்வளவு துக்கமா என்று மனுசன் பயந்துபோய், அடுத்த நாள் லீவு போட்டுவிட்டார்.

பின்னேரம் கீழ்வீட்டுக்காரி கேசரி கொண்டுவந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள். "அக்கா, கோவமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். "எத்தினை நாளைக்கு?" என்றாள். "தெரியாது, கேசரியைத் தந்திட்டுப் போம்." தந்துவிட்டுப் போனாள். கேசரி நன்றாக இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பரில் பள்ளி தொடங்கிய முதல் நாள் காலையில் கதவு தட்டினாள். பக்கத்தில் மகள், தோள் வழிகிற கோட்டும் கழுத்தில் தொங்கும் டையுமாக. "அக்கா, எனக்கு இது கட்டத் தெரியேல்லை. இவருக்குக் கை நடுங்குது."

எனக்குக் கட்டத் தெரியும். முடிவு வர முன்னமே, வீடியோ பார்த்து, கணவரின் டையை என் கழுத்திலேயே போட்டுப் போட்டுப் பழகிவைத்திருந்தேன். என் மகளின் பள்ளிக்கு டை இல்லை. அவள் நீல ஸ்வெட்டரோடு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் கொலரைத் தூக்கி, சுற்றி, முடிச்சுப் போட்டு இழுத்தேன். பிள்ளை இருமினாள். விரலை உள்ளே விட்டுத் தளர்த்தி, கொலரை மடித்துவிட்டேன். "தாங்ஸ் பெரியம்மா" என்று பிள்ளை சொல்ல, தாயும் மகளும் ஓடினார்கள்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது என் மகள் கேட்டாள்: "அம்மா, அந்த டையை வேணுமெண்டுதானே இறுக்கினீங்கள்?"

"ஓம்" என்றேன்.