சத்தமாய்ச் சொன்ன ஓட்டு

வேலைக்குப் போகிற தாய்மார் திரும்பும்வரை அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை; இதே பாடுபடுகிற சகோதரிகளே, சோறு ஊட்டிவிடலாம், ஹோம்வொர்க்கோடுதான் மல்லுக்கட்ட முடியாது.

கவர்னருக்கு ஓட்டா?

இங்கே வளைகுடா நாட்டில், முவைலா என்ற இடத்தில் இருக்கிற எங்கள் பிளாட்டுக்கு ஸ்கூல் விட்டதும் நாலு பிள்ளைகள் வரும். அதில் சஹானாவுக்குப் பத்து வயது, பேச்சு திக்கும். கிளாஸில் நாடகம் என்றாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், புதிதாக உண்டான ஒரு மாநிலத்தில் கவர்னர் தேர்தல். நான் படித்தது எட்டாங்கிளாஸ். "கவர்னரை மேலேயிருந்துதானே அனுப்புவாங்க?" என்றேன். அங்கே ஜனங்களே தேர்ந்தெடுத்தார்களாம். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. மேசைக்கு எதிரே நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பேரைச் சொல்லணும், கிளார்க் எழுதிக்கொள்வார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற வேட்பாளர் எழுந்து நன்றி சொல்வாராம்.

டீச்சர் இரக்கப்பட்டு, வாய் திறக்கத் தேவையில்லாத கிளார்க் வேஷத்தை சஹானாவுக்குக் கொடுத்திருந்தார். கூட்டிப்போக வந்த அவள் அம்மாவுக்கு நிம்மதி. மகளுக்கு இல்லை.

"எ... எழுத மாட்டேம்மா. நான் ஓட்டுப் போடணும்."

நான் செய்த தப்பு

டீச்சரிடம் கேட்டு, ஓட்டுப் போடுகிற வேஷத்துக்கு மாறிக்கொண்டாள். ஒத்திகை என் சாப்பாட்டு மேசையில். நான்தான் கிளார்க். வேட்பாளர்கள், அவள் கிளாஸ் ஓமரும், அதே கிளாஸில் படித்து என்னிடம் வருகிற ரிஸ்வானும். ஓமர் என்பது அவளுக்கு லேசாக வரும். ரிஸ்வான்தான் தொண்டையில் நிற்கும்.

"பேசாம ஓமருக்கே போடு, சீக்கிரம் முடியும்!" என்று ரிஸ்வானே கேலி பண்ணினான். அவள் விடவில்லை. "ரி... ரி..." முகம் சிவந்துவிட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை; நானே ரிஸ்வான் என்று எழுதிவிட்டேன்.

பேனாவை வாங்கி அதை அடித்தாள். "தப்பு ஆன்ட்டி. நான் இ... இன்னும் சொல்லல."

ஈசி ஓட்டு

நாடகத்தன்று அவள் அம்மாவோடு நானும் போனேன். சஹானா மேசை முன்னால் நின்றாள். "ரி..." நின்றுவிட்டது. பிள்ளைகள் நெளிந்தார்கள். டீச்சர் உதவ வாயெடுத்தார். "வெயிட் மிஸ்" என்றான் ரிஸ்வான். நான் முந்தானையைப் பிடித்தபடி ஜெபித்தேன். கடைசியில் வந்தது பாருங்கள், "ரிஸ்வான்!" கடைசி வரிசைவரை கேட்டது. அவன் எழுந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நன்றி சொன்னான்.

ஜெயித்தது ஓமர். தேற்றலாமென்று ரிஸ்வான் தலையைத் தடவினேன்.

"தோத்தா என்ன ஆன்ட்டி? ஓமருக்கு விழுந்ததெல்லாம் ஈசி ஓட்டு."

ரிஸ்வான் ஜெயிக்கணும், சஹானாவுக்குப் பேச்சு வரணும் என்று இரண்டு விண்ணப்பம் வைத்திருந்தேன். கர்த்தர் ஒன்றுக்குத்தான் ஓட்டுப் போட்டார், அதுவும் எல்லார் முன்னாலும் சத்தமாக.