அடைப்புக்குறிக்குள் இருந்த பெரியம்மா

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தேன். அப்போதுதான் அம்மா வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறியது. வெளியேறும் தொழிலாளர்களுக்கு நாற்பது வீடுகள் ஒதுக்கினார்கள். அதிக ஆண்டுகள் உழைத்தவர்களுக்கே முதலிடம். மனுப் போட்ட ஒவ்வொருவரின் பெயரையும் தோட்டப் பதிவேட்டில் தேடி, ஆண்டுக் கணக்குப்படி வரிசைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. பெயரை ‘மாறி’ என்ற நினைவுப் பெட்டியில் போட்டுத் தேடிவிட்டு அடுத்த பெயருக்குப் போகும் சுழற்சி ஒன்றை எழுதினேன். நான் எழுதியதில் தப்பு வருமா என்ற திமிர் வேறு.

நாற்பதாவதாக அம்மாவின் பெயர் வந்தது. அன்று மாலையே லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம்.

“என் பேரு எத்தனாவதா இருக்கு ஆயி?” என்று என்னிடம் கேட்டார். அம்மாவுக்கு முன்பிருந்தே பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். பட்டியலில் அவர் இல்லவே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன்.

மறுநாள், ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்குள் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டச் செய்தேன். பெரியம்மாவின் பெயர் சரியாகவே வந்தது. பதிவேட்டிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர். ஆனாலும் ‘இல்லை’ என்றே பதில். அரை நாள் கணினியைத் திட்டித் தீர்த்தேன்.

அதே பெயரில் தோட்டத்தில் மூன்று பெண்கள். அடையாளத்துக்காகத் தோட்ட எழுத்தரான கிராணி, பதிவேட்டிலும் மனுவிலும் இவர் பெயருக்குப் பின்னால் (குட்டை) என்று எழுதியிருந்தார். தேடும்போது கணினி அந்த அடைப்புக்குறிகளை எழுத்தாகப் பார்க்காமல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டது. குறி இல்லாத பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இது கட்டளையல்ல, வெறும் எழுத்து என்று கணினிக்கு உணர்த்த, ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு மறுபடி ஓடவிட்டேன்.

பெரியம்மா பத்தொன்பதாவதாக வந்தார். அடைப்புக்குறிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அம்மா நாற்பத்து மூன்றுக்குப் போய்விட்டார்.

பழைய பட்டியலையே கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புதியதையே அச்சடித்துக் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அக்காவுக்குக் கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சும்மா.”

“அப்ப சரி.”

அடுப்புப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிண்டினார். எனக்குத் தாங்கவில்லை. பின்னால் போய்க் கட்டிக்கொண்டேன்.

“சொல்லாம விட்டுறலாம்னு ஒனக்குத் தோணலயா?”

“தோணுச்சும்மா.”

“எனக்கும் தோணியிருக்கும்லா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.