சிவப்பு அம்பு ஒட்டிய ஷூ

மாதனூரிலிருந்து ஆம்பூருக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் கெங்கம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கர். பதினான்கு வருடமாக ஒரே மேசை. தைத்து, சோல் ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூ எதுவும் அவள் கையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போக முடியாது. வலது கையை ஷூவுக்குள் நுனிவரை விடுவாள். இடது கட்டைவிரல் மேல்தோலைத் தடவிக்கொண்டே வரும். தோல் தளர்ந்திருந்தாலோ, தையல் ஒரு நூல் விலகியிருந்தாலோ, குறை இருக்கிற இடத்தைக் காட்டி நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளி வைத்துவிடுவாள். அம்பு ஒட்டினால் ரிஜக்ட். இல்லாவிட்டால் பாஸ். சூப்பர்வைசர் வேதாசலம் கத்திப் பார்ப்பார், கெஞ்சிப் பார்ப்பார், கன்டெய்னர் வாசலில் நிற்கிறது என்பார். ஒட்டிய அம்பை அவள் எடுத்த சரித்திரம் இல்லை.

அதனால் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். பஸ்ஸில் யாராவது மாப்பிள்ளை போட்டோ காட்டினால்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாஸ்" என்பாள், இல்லாவிட்டால் "காது கிட்ட அம்பு ஒட்டணும்" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். சிரித்தாலும் அவள் சொன்ன வார்த்தையை யாரும் தள்ளிவிட மாட்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது.

தையல் பிரிவு முனவ்வர் பேகம் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கெங்கா, இத பாரேன். அஞ்சாயிரத்து இருநூறு ரூபா ஷூ, அறுநூத்தித் தொண்ணூத்தொம்பதாம். இன்னிக்கி மட்டும்தானாம்."

'தினம் ஒரு அதிரடி' என்று ஒரு தளம். கறுப்பு ஷூ ஒரு ஜோடி. அதன் கீழே ஒரு கடிகாரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம். முப்பத்தொன்பது. 'இன்னும் பன்னிரண்டு ஜோடி மட்டுமே.'

"எல்லாம் டுபாக்கூரு," என்றாள் பேக்கிங் பிரிவு ஆரோக்கியமேரி. "எங்க நாத்தனாரு இப்பிடித்தான் பொடவைக்கி ஆர்டர் போட்டா. கொசுவலை வந்துச்சி."

கெங்கம்மாள் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ஏற்றுமதிச் சரக்கு என்பது தையலைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னும் விரித்தாள். இடது கால் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லை, அம்பு.

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. "ஏய், இது எதோ ஒரு கம்பெனி ரிஜக்ட் மால்டி! அம்பு பாரு. செக்கர் ஒட்டனத எடுக்காமயே படம் புட்சிட்டிருக்கான். அதான் வெலை கம்மி."

ரிஜக்ட் ஜோடிகள் மொத்தமாகக் கைமாறி, குறைந்த விலைக்கு விற்பனையாவது ஆம்பூரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நுனியில் ஒரு தையல் பிசகு. காலில் போட்டால் யார் கண்ணுக்கும் படாது.

"காசு முன்னாடியே கட்டணுமாமே? பொருள் வந்தப்புறம் குடுக்கற மாதிரி இல்லியே?" ஆரோக்கியமேரி விடவில்லை.

"ஸ்டாக்கு கம்மியா இருக்கு, அதான்." முகம் தெரியாத ஒருவனுக்கு கெங்கம்மாளே வக்கீல் ஆனாள். "ஏமாத்தறவன் குறையத் தொடச்சிட்டுத்தான் படம் போடுவான். இவன் குறையோட காட்டறான். நம்பலாம்."

"அப்ப பாஸா?" என்றாள் முனவ்வர்.

"பாஸ்."

அவ்வளவுதான். கம்பெனி வாசல் வருவதற்குள் ஏழு பேர் பணம் கட்டிவிட்டார்கள். இறங்கும்போது செல்லம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். கம்பெனியில் பெருக்கித் துடைக்கிறவள், ஐம்பத்தைந்து வயது, பட்டன் போன். அவள் புருஷன் தனகோடி ஒரு வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் வேலூரில் ஒரு வணிக வளாகத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். யூனிபார்ம் அவர்கள் கொடுப்பார்கள், கறுப்பு ஷூ சொந்தத்தில் வாங்க வேண்டும். ஷூ இல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கும் ஒன்னு போட்டுக் குடும்மா. எட்டாம் நம்பரு." சுருக்குப் பையிலிருந்து கசங்கிய ஏழு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கையில் திணித்தாள். கெங்கம்மாள் தன் போனிலேயே ஆர்டர் போட்டாள். கடிகாரத்தில் இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தது.

ஐந்து நாளில் வரும் என்று தளத்தில் போட்டிருந்தது. ஐந்து நாள் ஆனது. எட்டு நாள் ஆனது. 'உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது' என்ற வரி மட்டும் மாறவே இல்லை. பத்தாம் நாள் அந்தத் தளமே திறக்கவில்லை. வெள்ளைத் திரை வந்து நின்றது. கெங்கம்மாள் போனை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சிக்னல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். அவள் ஏறினால் பேச்சு கொஞ்சம் கம்மியாகும், அவ்வளவுதான். செல்லம்மாள் மட்டும் தினமும் மேசைப் பக்கம் துடைப்பத்தோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "வந்துச்சாம்மா?" என்பாள். "வரும்க்கா" என்று சொல்லிவிட்டு கெங்கம்மாள் ஷூவுக்குள் கையை விட்டுக்கொள்வாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையின் முதுகில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் அது என்ன செய்யும்?

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. முதல் தேதி திங்கட்கிழமை. பஸ் பாதி வழி வந்தபோது முனவ்வர் போன் அடித்தது. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம். தினம் ஒரு அதிரடி கஸ்டமர் கேர்லருந்து பேசறேன்." குரல் தேனாக வந்தது. "உங்க பார்சல் எங்க குடோன்ல டேமேஜ் ஆயிடுச்சு. சாரி மேடம். முழுப் பணத்தையும் திருப்பித் தர்றோம். லேட் ஆனதுக்கு ஐநூறு ரூபா சேத்தே தர்றோம்."

பஸ்ஸில் ஒரே ஆரவாரம். "நான் சொல்லல? கெங்கா பாஸ் பண்ணது வீணாப் போவுமா?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். கெங்கம்மாளுக்குப் இத்தனை நாளாக அடைத்திருந்த மூச்சு வந்தது. அந்தக் குரலை நம்ப அவளைவிட ஆசைப்பட்டவர் அந்த பஸ்ஸில் யாரும் இல்லை.

"ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன் மேடம். அதத் தொட்டு, உங்க பின் நம்பரப் போட்டீங்கன்னா பணம் வந்துடும். பத்து நிமிஷம்தான் டைம். அப்புறம் க்ளோஸ் ஆயிடும்."

முனவ்வர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லிங்கைத் தொட்டாள். அவள் வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிற போனஸ் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

பத்து நிமிஷம். அந்த வார்த்தை கெங்கம்மாளுக்குள் எங்கேயோ உறுத்தியது. மறுபடியும் ஓடுகிற கடிகாரம். கன்டெய்னர் நிற்கிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று வேதாசலம் பறக்கிற நாளில்தான் லைனில் குறை ஜாஸ்தி வரும். பதினான்கு வருடத்தில் அவள் கற்ற பாடம் அது ஒன்றுதான்: அவசரப்படுத்துகிற சரக்கை இரண்டு தடவை தடவிப் பார்.

பேசாமல் இருந்துவிடலாம். பணம் வந்தால் மானம் திரும்பிவிடும். வராவிட்டால்?

"சார், ஒரு நிமிஷம்." போனுக்குக் கிட்டே குனிந்தாள். "அந்த ஷூல எடது கால் நுனியில செவப்பா ஒரு அம்பு இருந்துச்சே. அது இன்னா சார்?"

குரல் சிரித்தது. "அதுங்களா மேடம்? அது பிராண்ட் லோகோ. அம்பு இருந்தாத்தான் ஒரிஜினல்."

பஸ்ஸில் தலைகள் எல்லாம் போன் பக்கம் திரும்பின. கட்டிங், தையல், பேக்கிங் என்று நாற்பது பெண்கள். அம்பு என்றால் என்னவென்று தெரியாதவள் ஒருத்திகூட அதில் இல்லை. எங்கேயோ கிடந்த படம் ஒன்றைத் திருடி ஒட்டியிருக்கிறான். அவனிடம் ஷூவும் இல்லை, குடோனும் இல்லை.

"கட் பண்ணு முனவ்வர்."

முனவ்வர் விரல் எண்களின் மேலேயே நின்றது. பாதி பின் நம்பர் போட்டாகிவிட்டது. "அன்னிக்கி நீதானடி பாஸுன்ன? இன்னிக்கி வேணாம்ன்ற. லோகோன்னு அந்தப் பையன் தெரியாம சொல்லியிருந்தா? என் காசு வர்ற நேரத்துல... நான் எத நம்பறது?"

கேள்வி நியாயமான கேள்வி.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? ஆறு நிமிஷம்தான் இருக்கு."

"அன்னிக்கி நான் ஷூவப் பாக்கல," என்றாள் கெங்கம்மாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "படத்தப் பாத்தேன். படத்தப் பாத்து பாஸ் பண்ணிட்டேன். தப்பு என்னுது. எட்டுப் பேரு காசு என் வாயாலதான் போச்சி. அது போனது போச்சி முனவ்வர், இதுவும் போவ வேணாம். உன் கால்ல வேணா வுழறேன், கட் பண்ணு."

முனவ்வர் அவளையே பார்த்தாள். பிறகு விரலை நகர்த்திப் போனைத் துண்டித்தாள்.

ஒரு நிமிடம் போயிருக்காது. நடு சீட்டில் ஒரு போன் அடித்தது. அதே நம்பர். அடுத்து ஜன்னல் ஓரம் இன்னொன்று. பிறகு கெங்கம்மாளின் பைக்குள்ளேயே அடித்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை. அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தன. ஆரோக்கியமேரிதான் சைபர் குற்றப் பிரிவுக்கு போன் போட்டு, எட்டுப் பேர் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசி சீட்டிலிருந்து செல்லம்மாள் எழுந்து வந்தாள். எதுவும் கேட்காமல் கெங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெங்கம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆம்பூர் பஜாரில், ரிஜக்ட் ஷூ விற்கிற ஒரு சின்னக் கடையில் நின்றார்கள். பணம் தான் தருவதாக கெங்கம்மாள் அடம்பிடித்துத்தான் கூட்டி வந்திருந்தாள். ஒன்பது ஜோடி பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் கையை நுனிவரை விட்டு, தடவி, வளைத்து, முகர்ந்து, ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னாம்மா, செருப்புக் கடையா, ஆஸ்பத்திரியா?" கடைக்காரன் ஒவைஸ் சலித்துக்கொண்டான். "இந்த வெலைக்கி இவ்ளோ சோதனையா?"

"வெலைக்கி இல்ல தம்பி," என்றாள்.

பத்தாவது ஜோடி. கறுப்பு, எட்டாம் நம்பர். குதிகால் பக்கம் தோல் லேசாக நிறம் மாறியிருந்தது. அம்பு ஒட்டி எடுத்த பசை இன்னும் பிசுபிசுத்தது. சோல் கெட்டி. தையல் நேர். உள்ளே நுனியில் சுருக்கம் இல்லை. தனகோடி இரண்டு வருடம் நின்றாலும் தாங்கும். இரண்டு காலையும் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"பாஸாம்மா?" என்று கேட்டாள் செல்லம்மாள்.

ஒரு நாளைக்கு அறுநூறு தடவை சொல்கிற வார்த்தை. வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"நீ சொன்னாப் போதும்மா. எனக்கு வேற இன்னா தெரியும்?" செல்லம்மாள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. ஏழு நோட்டைத் திணித்தபோது இருந்த அதே முகம். அதைப் பார்க்கத்தான் கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"போதாதுக்கா," என்றாள். ஷூவை அவள் பக்கம் நீட்டி, துடைப்பம் பிடித்துக் காய்ப்பேறிய அந்தக் கையை இழுத்தாள். "கைய உள்ள வுடு. நுனி வரைக்கும் வுடு. எங்க உறுத்துதுன்னு நீ சொல்லு."